கொங்கு நாட்டில் குழந்தைப் பாதுகாப்பு: கிராமக் குழுக்களின் பணியும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளின் பாதுகாப்பைக் கிராம அளவில் கண்காணிக்கும் பொறுப்பு 2009-ஆம் ஆண்டு முதல் ஊர்மக்களை உள்ளடக்கிய குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் முதலான மாவட்டங்கள் அடங்கிய கொங்கு நாட்டுச் சூழலில் இப்பணி எவ்வாறு அமைகிறது, எங்குத் தடைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நூற்பாலை விடுதிகள், குழந்தைத் திருமணம், புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் ஆகிய மூன்று களங்கள் இதற்கென எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. சட்டத்தின் குறைபாட்டைவிட, 'நம் ஊர்ப் பிள்ளை' என்று ஊர் யாரைக் கருதுகிறது என்பதே பாதுகாப்பின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதன்மைச் சொற்கள்: கொங்கு நாடு, குழந்தைப் பாதுகாப்பு, கிராமக் குழு, சுமங்கலித் திட்டம், குழந்தைத் திருமணம், புலம்பெயர் தொழிலாளர்

முன்னுரை

குழந்தையைப் பேணுவது குடும்பத்தின் கடமை என்பது பொதுவான எண்ணம். குடும்பம் தளரும்போது உறவும் ஊரும் தாங்கும் என்பது அதனை அடுத்த நம்பிக்கை. பெற்றோரை இழந்த பிள்ளையைத் தாய்மாமனோ அத்தையோ வளர்ப்பது இன்றும் காணக்கூடியதே. எனினும், உறவின் இக்காப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. கொங்குப் பண்ணையங்களில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்டு ஆடு மேய்த்த தலித் சிறுவர்களின் வாழ்வைப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவல் விரிவாகப் பேசுகிறது. அச்சிறுவர்கள் வாழ்ந்ததும் ஊரின் கண்முன்னேதான். அவர்கள் நிலையை ஊர் அறியாமல் இல்லை. அதனை இடராகக் கருதவில்லை என்பதே உண்மை.

இன்று அதே ஊரிடம் குழந்தைப் பாதுகாப்பைச் சட்டமும் அரசுத் திட்டங்களும் ஒப்படைத்துள்ளன. ஆகவே, ஊர்ச் சமூகத்தின் வலிமை எது, அதன் குருட்டுப்புள்ளி எது என்பதை ஒருசேர ஆராய வேண்டியுள்ளது.

தொழில் வளமும் குழந்தையின் இடரும்

கோயம்புத்தூரில் நவீன நூற்பாலைத் தொழில் 1888-இல் தொடங்கியது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பின்னர் ஆலைகள் பெருகின. பின்னலாடைத் தொழில் திருப்பூரை உலகச் சந்தையுடன் இணைத்தது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறி வேரூன்றியது. வேளாண்மை நீர்ப்பற்றாக்குறையால் தளர்ந்தபோதும் கொங்கு நாடு வேலை தரும் நிலமாக நீடித்தமைக்கு இத்தொழில்களே காரணம்.

ஆனால், குழந்தைக்கு நேரும் இடர்களும் இவ்வளத்தின் வழியாகவே வந்தன. விசைத்தறிப் பகுதிகளில் முன்பணம் பெற்று உழைக்கும் குடும்பம், கடனை அடைக்கும்வரை தறி உரிமையாளரை விட்டு நீங்க இயலாது. கடன் வளரும்போது பிள்ளையின் கையும் தறிக்குத் தேவைப்படுகிறது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. எனினும், பள்ளி நேரம் தவிர்ந்த வேளைகளில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற விலக்கு அதில் இடம்பெற்றது. வீடும் தறிக்கூடமும் ஒன்றாக இருக்கும் பகுதியில் 'உதவி' எங்கே முடிகிறது, 'வேலை' எங்கே தொடங்குகிறது என்பதை வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஒரு நாள் வருகையில் கண்டறிவது அரிது. அண்டை வீட்டார்க்கோ அது தெளிவாகத் தெரியும். ஊர்ச் சமூகத்தின் பங்களிப்பு தவிர்க்கவியலாதது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

சட்டம் ஊரிடம் ஒப்படைத்த பணி

2009-இல் நடுவணரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம், மாவட்டம்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும், அதன் கீழ் வட்டார, கிராம அளவிலான குழுக்களையும் அமைக்க வழிசெய்தது. கிராமக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர் தலைமை ஏற்பார். அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியர், ஊர்ப் பெரியோர் ஆகியோருடன் குழந்தைப் பிரதிநிதிகள் இருவரும் உறுப்பினராவர். இத்திட்டம் இன்று 'மிஷன் வாத்சல்யா' என்னும் பெயரில் தொடர்கிறது.

இக்குழுவின் பணியைச் சுருக்கமாக மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, கவனித்தல்: பள்ளிக்கு வராத பிள்ளை, திடீரென ஊரைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளை, பெற்றோரை இழந்த பிள்ளை ஆகியோரை அறிதல். இரண்டாவது, தெரிவித்தல்: 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, காவல்நிலையம் ஆகியவற்றில் உரியதற்குத் தகவல் தருதல். மூன்றாவது, துணைநிற்றல்: உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை, மருத்துவம் ஆகியவை கிடைக்கும்வரை குடும்பத்துடன் இருத்தல்.

விசாரித்தலும் தீர்ப்புக் கூறுதலும் இப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்திற்குள் தலைவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும். குழந்தை எங்கு, யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் அந்நலக் குழுவிற்கே உரியது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) 2012-இன் 19-ஆம் பிரிவு, குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தெரிவிக்கத் தவறுதல் 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இருதரப்பையும் அழைத்துப் 'பேசி முடிக்கும்' ஊர்வழக்கத்துக்கு இச்சட்டத்தில் இடமில்லை. நிலத்தகராறையும் வாய்க்கால் தகராறையும் பேசித் தீர்த்துப் பழகிய பெரியவர்களே கிராமக் குழுவிலும் அமர்கின்றனர். அப்பழக்கத்தைக் குழந்தை தொடர்பான குற்றத்துக்கும் நீட்டிக்கும்போது, குடும்ப மானம் காக்கப்படலாம், குழந்தை காக்கப்படுவதில்லை.

நூற்பாலை விடுதியும் திருமணச் செலவும்

கொங்கு நாட்டின் குழந்தைப் பாதுகாப்பு வரலாற்றில் சுமங்கலித் திட்டம் பெரும் விவாதத்துக்குள்ளான ஒன்று. 'கேம்ப் கூலி' என்றும் வழங்கப்பெற்ற இம்முறையில், வறிய குடும்பத்து இளம்பெண்கள் பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலைகளில் சேர்க்கப்பட்டு, ஆலை வளாக விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். ஒப்பந்தம் முடியும்போது திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும் என்பது வாக்குறுதி. அத்தொகை உண்மையில் அவர்களது ஊதியத்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்டதேயாகும். உடல்நலம் குன்றி இடையில் வெளியேறியவர்கள் அதனை இழக்க நேர்ந்தது. வெளியே செல்லவும் தொலைபேசியில் பேசவும் கட்டுப்பாடுகள் இருந்தன. 18 வயது நிரம்பாதவர்களும் இவர்களுள் அடங்குவர். 2011-இல் நெதர்லாந்து ஆய்வமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதனைப் பன்னாட்டு ஆடை நிறுவனங்களின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. அதற்கு முன்னரே கொங்குப் பகுதித் தன்னார்வ அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்திருந்தன.

இச்சிக்கலின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், பாதுகாப்பு எந்த இடத்தில் அறுபட்டது என்பது விளங்கும். பெண் புறப்பட்ட ஊர் தேனியிலோ விருதுநகரிலோ இராமநாதபுரத்திலோ இருக்கும். ஆலை கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ இருக்கும். சொந்த ஊரின் குழுவுக்கு அவள் 'வேலைக்குப் போன பெண்'. ஆலை அமைந்துள்ள ஊராட்சியின் குழுவுக்கு அவள் 'மில்லுக்கு வந்த வெளியூர்ப் பெண்'. மதில் சுவரும் காவலாளியும் உள்ள வளாகத்துக்குள் ஊராட்சித் தலைவரும் எளிதில் நுழைவதில்லை. இரண்டு ஊர்களின் குழுக்களுக்கும் இடையே அவள் எவருடைய பதிவேட்டிலும் இடம்பெறாமல் போகிறாள்.

அரசின் நடவடிக்கைகளுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2014 விடுதிகள் உரிமம் பெறுவதையும் ஆய்வுக்கு உட்படுவதையும் கட்டாயமாக்கியது. மற்றொன்று மறைமுகமானது, ஆயினும் வேரை நோக்கியது. திருமண உதவியாக வழங்கப்பட்டுவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022-இல் உயர்கல்வி பயிலும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமாக மாற்றப்பட்டது. மாணவர்க்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்றது. மகளின் திருமணச் செலவு என்னும் அச்சமே சுமங்கலித் திட்டத்துக்கு ஆள்சேர்த்தது. பெண்ணுக்கான உதவி திருமணத்திலிருந்து கல்விக்கு நகர்ந்தமை அவ்வச்சத்தின் பிடியைத் தளர்த்தும் தன்மையது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் வீட்டுக்கு ஆலை முகவருக்கு முன்னர்க் கிராமக் குழு உறுப்பினர் செல்வாராயின், இத்திட்டத்தின் பயன் அவ்வீட்டை அடையும்.

காப்பதும் கட்டுப்படுத்துவதும்

குழந்தைத் திருமணத் தடுப்பில் ஊராரின் தகவலே முதன்மையான கருவி. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன் 13-ஆம் பிரிவின்படி, நடைபெறவுள்ள திருமணத்துக்கு நீதித்துறை நடுவர் தடையாணை வழங்கலாம். ஆணையை மீறி நடக்கும் திருமணம் 14-ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. பத்திரிகை அச்சிடுவோர், மண்டப உரிமையாளர், சமையற்காரர், பந்தல் அமைப்போர் எனத் திருமணத்தை முன்கூட்டியே அறிபவர் ஊரில் பலர். அவர்களுள் ஒருவர் 1098-ஐ அழைத்தால் போதும். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் தண்டனையைவிடத் தடுப்புக்கும் சமூகப் பங்கேற்புக்கும் முதன்மை தந்தது.

ஆயினும், திருமணத்தை நிறுத்துவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. பெண்ணின் படிப்பைத் தொடரச் செய்யாமல் திருமணத்தை மட்டும் நிறுத்தினால், அது சில மாதங்களுக்குப் பின்னர் வேறோர் ஊரில், வேறொரு கோவிலில் நடந்தேறக்கூடும். அன்றியும், பெற்றோர் அவசரப்படுவதற்கான காரணத்தையும் நோக்க வேண்டும். வறுமை ஒரு காரணம். மகள் சாதி கடந்து காதலித்துவிடுவாளோ என்ற அச்சம் மற்றொரு காரணம். 2015-இல் நாமக்கல் மாவட்டத்திலும் 2016-இல் உடுமலைப்பேட்டையிலும் நிகழ்ந்த சாதி ஆணவக் கொலைகள், இவ்வச்சம் எத்தகைய வன்முறையாக மாறக்கூடும் என்பதைத் தமிழகத்துக்குக் காட்டின. பெண்ணின் 'பாதுகாப்பு' என்று ஊர் கூறுவது, பல வேளைகளில் அவளது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதையே குறிக்கிறது.

இதனால், சட்டமும் திசைமாற்றப்படும் வாய்ப்புண்டு. வளரிளம் பருவத்தினரின் விருப்ப உறவுகளில், பெண்வீட்டார் போக்சோ சட்டத்தைக் கருவியாக்கும் போக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல், ஈரோடு மகளிர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் கவனப்படுத்தியது. அத்தகைய உறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்பது அதன் கருத்து. ஆகவே, கிராமக் குழு உறுப்பினர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: நாம் தடுக்க முனைவது குழந்தைக்கு நேரும் தீங்கையா, ஊரின் வழக்கத்துக்கு நேரும் மீறலையா? இவ்விரண்டையும் பிரித்தறியாத குழு, பிள்ளைகளின் நம்பிக்கையை இழந்துவிடும். நம்பிக்கையை இழந்த குழுவிடம் எந்தப் பிள்ளையும் எதையும் சொல்லாது.

பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

இன்று கொங்குத் தொழில்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பெருமளவில் உள்ளனர். தனியாளாக வந்தோர் நாளடைவில் குடும்பத்தை அழைத்துவருகின்றனர். வரிசை வீடுகளிலும், கோழிப்பண்ணைக் குடியிருப்புகளிலும், செங்கற்சூளைகளிலும், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் அவர்தம் பிள்ளைகள் வளர்கின்றனர். தாயும் தந்தையும் ஒரே வேளைப்பணிக்குச் சென்றால், மூத்த பிள்ளையே இளையதற்குக் காவல். மூத்த பிள்ளை பள்ளி செல்லாமைக்குத் தறியோ ஆலையோ காரணமாக வேண்டியதில்லை. தொட்டிலே போதுமான காரணமாகிவிடுகிறது. மாநிலத்துக்குள்ளேயும் இந்நிலை உண்டு. கடம்பூர், பர்கூர் மலைகளிலிருந்து கரும்பு வெட்டக் குடும்பத்தோடு இறங்கும் மக்களின் பிள்ளைகள் பருவந்தோறும் பள்ளியை விடுகின்றனர். அம்மலைகளில் இயங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டச் சிறப்புப் பள்ளிகள் இத்தகையோர்க்கு இணைப்புப் பாலமாக இருந்தன. அத்திட்டம் 2021-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்ட பின்னர், அப்பொறுப்பு வழக்கமான பள்ளிகளைச் சேர்ந்தது.

கல்வி உரிமைச் சட்டம், 2009 இப்பிள்ளைகளுக்குப் போதிய உரிமைகளை அளித்துள்ளது. வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் இல்லை என்றோ சேர்க்கை மறுக்கப்படலாகாது; வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும். உரிமை உள்ளது; அதனை எடுத்துச்சொல்லும் வாய்தான் இல்லை. கிராமசபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. அதில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவரே கருத்துரைக்க முடியும். வெளிமாநிலத் தொழிலாளியின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அவர் பேசும் மொழியும் அவைக்குப் புரியாது. ஊரின் நலனைப் பேசும் அவையில், இடர் மிகுந்த பிள்ளைகளின் பெற்றோர் இல்லாமற்போவது இவ்வாறே நிகழ்கிறது.

இதற்கு மாறான ஆற்றலும் ஊரிலேயே உள்ளது. அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் செவிலியரும் வாக்காளர் பட்டியல் பார்த்துச் சத்துமாவோ தடுப்பூசியோ வழங்குவதில்லை. குழந்தை இருக்கும் வீட்டுக்குச் செல்கின்றனர். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், எவ்வீட்டில் கடன் முற்றுகிறது, எவ்வீட்டில் குடி மிகுகிறது என்பதை அறிந்தவை. கந்துவட்டிக்கு மாற்றாக உரிய வேளையில் கிடைக்கும் ஒரு சிறுகடன், பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முடிவைத் தள்ளிப்போடக்கூடும். குடும்ப நலமும் குழந்தைப் பாதுகாப்பும் வெவ்வேறல்ல என்பதற்கு இது சான்றாகிறது.

குழந்தையின் சொல்லுக்கு இடம்

கோயம்புத்தூர் மாவட்டக் காவல்துறை 2022-இல் தொடங்கிய 'பள்ளிக்கூடம்' திட்டம் இங்கு எண்ணத்தக்கது. காவலர்கள் பள்ளிகளுக்குச் சென்று, பாலியல் சீண்டல் எது, அதனை யாரிடம் எவ்வாறு தெரிவிப்பது என்று மாணவர்க்கு எடுத்துரைக்கின்றனர். இத்தகைய முயற்சியின் பயன் அறிவூட்டுவதோடு நிற்பதில்லை. சொல்வதற்கு ஓர் இடம் உண்டு என்று தெரிந்த பின்னரே பிள்ளை சொல்லத் தொடங்குகிறது. இதனால் ஒரு பகுதியில் பதிவாகும் வழக்குகள் கூடலாம். அதனைக் குற்றம் பெருகியதாகவோ ஊருக்கு அவப்பெயராகவோ கொள்வது பிழை. மறைந்திருந்தது வெளிப்படுகிறது என்றே கொள்ளத்தகும்.

கிராமக் குழுவில் குழந்தைப் பிரதிநிதிகள் இருவர்க்கு இடமளிக்கப்பட்டதன் நோக்கமும் இதுவே. ஆனால், ஊராட்சித் தலைவரும் தலைமையாசிரியரும் அமர்ந்திருக்கும் அவையில் பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுந்து பேசுவது எளிதன்று. அதன் பெற்றோர் அத்தலைவரின் தோட்டத்தில் கூலிக்குச் செல்வோராயின் இயலவே இயலாது. வாக்குமூலம் பெறச் செல்லும் காவல் அலுவலர் சீருடையில் இருக்கலாகாது என்று போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு கூறுகிறது. அதிகாரத்தின் தோற்றமே பிள்ளையின் வாயை அடைத்துவிடும் என்ற அறிவு அதில் உள்ளது. அவ்வறிவு கிராமக் குழுவின் நடைமுறைக்கும் வர வேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறைக் கருத்துகளைத் தொகுக்கலாம். முதலாவதாக, ஊராட்சி எல்லைக்குள் உறங்கும் எல்லாப் பிள்ளைகளையும் கொண்டதாகக் குழுவின் பதிவேடு அமைய வேண்டும். குடும்ப அட்டையோ வாக்காளர் பட்டியலோ அதற்கு அடிப்படையாகலாகாது. ஆலை விடுதியில் தங்கியுள்ள 18 வயதுக்குட்பட்டோரும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, புறப்பட்ட ஊரின் குழுவும் வந்துசேர்ந்த ஊரின் குழுவும் மாவட்ட அலகுகள் வழியே தகவல் பரிமாற வேண்டும். மூன்றாவதாக, குழுவின் ஒரு கூட்டத்தையேனும் ஊராட்சி அலுவலகத்தில் நடத்தாமல், வரிசை வீடுகளிலோ காலனியிலோ, வேளைப்பணி முடியும் நேரத்தில் நடத்தலாம். அவ்விடத்தில் இருமொழி அறிந்த தொழிலாளர் ஒருவரே மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியும். நான்காவதாக, பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் நெடுநாள் வராதோர் பட்டியலைக் கிராமக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் ஆராய வேண்டும். ஐந்தாவதாக, குழந்தையின் அடையாளத்தைக் காக்கும் பயிற்சி உறுப்பினர் அனைவர்க்கும் தேவை. தேநீர்க் கடையில் பேசுபொருளாகிவிட்ட ஒரு செய்தி, அடுத்த பிள்ளையை வாய்மூடச் செய்துவிடும்.

முடிவுரை

கொங்கு நாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கான சட்டங்கள், திட்டங்கள், குழுக்கள் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. அவை செயல்படுவதற்கு ஊரின் அறிவும் அக்கறையும் இன்றியமையாதன. ஆனால், ஊர் என்பது இயல்பாகவே அனைவரையும் அணைத்துக்கொள்ளும் அமைப்பு அன்று. தன் எல்லைக்குள் சிலரைச் சேர்த்தும் சிலரை விலக்கியும் வந்த அமைப்பு. பண்ணையத்துச் சிறுவனும், ஆலை விடுதிப் பெண்ணும், வரிசை வீட்டு வடமாநிலப் பிள்ளையும் வெவ்வேறு காலங்களில் அவ்வெல்லைக்கு வெளியே நின்றவர்கள். கிராமக் குழு உள்ளதா, கூடியதா, தீர்மானம் எழுதியதா என்பன அலுவல்சார் வினாக்கள். அக்குழுவின் பதிவேட்டில் எந்தப் பிள்ளைகளின் பெயர் இல்லை என்பதே ஆய்வாளரும் ஆசிரியரும் கேட்க வேண்டிய வினா. கொங்கின் ஒவ்வோர் ஊராட்சியிலும் இவ்வினாவைக் களஆய்வாக மேற்கொள்ள இடமுண்டு. அத்தகைய ஆய்வு ஏட்டளவில் நில்லாது, விடுபட்ட பெயர்களைப் பதிவேட்டில் சேர்க்கும் பணியாகவும் அமையும்.